ஆயிரம் மைல் ஓடிய கார்

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் வாழும் தமிழ் அன்பர்களுக்கும், மங்களூரிலும் மும்பையிலும் குடியேறி வாழும் நம் மக்களுக்கும் பொதுவான சாலை ஒன்று உண்டு. மும்பையை அடுத்த பன்வேலில் தொடங்கி, கொங்கணக் கரையோரமாகக் கோவா, மங்களூர், கோழிக்கோடு, கொச்சி, திருவனந்தபுரம் ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு கன்னியாகுமரியில் முடியும் 66ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையே அது. அதன் நீளம் ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். மைல் கணக்கில் சொன்னால் ஆயிரம் மைல்.

இந்த ஆயிரம் மைலை நேயர்கள் ஒரு கணம் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டுகிறோம். காலை 7 மணி 22 நிமிடத்துக்குப் பன்வேலிலிருந்து ஒரு கார் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அன்று மாலை ஐந்தரை மணிக்கெல்லாம் அது கன்னியாகுமரியில் வந்து நிற்கிறது. நம்புவதற்குக் கடினமாக இருக்கிறது அல்லவா? ஆயினும், இதே அளவு தொலைவை, இதே அளவு நேரத்தில், பொதுமக்கள் நடமாடும் ஊர்ச் சாலைகளின் மீதே ஒரு கார் ஓடிக் கடந்தது உண்மை. ஓடிய இடம் இத்தாலி நாடு. ஓடிய நாள் 1955ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதி. அந்தக் காரின் வரலாற்றையும், அதன் வகைக் கார்கள் பின்னர் ஏன் ஊர்ச் சாலையை விட்டு விலக நேர்ந்தது என்பதையும் இங்கு விளக்க முற்படுகிறோம்.

முதலில் பந்தயத்தைப் பற்றிச் சில சொற்கள். அதன் பெயர் 'மில்லே மிலியா'. இத்தாலிய மொழியில் இதற்கு 'ஆயிரம் மைல்' என்பதே பொருள். மைல் என்னும் சொல்லுக்கே மூலம் இலத்தீன் மொழியில் ஆயிரத்தைக் குறிக்கும் 'மில்லே' என்னும் சொல்தான். உரோமானியப் படைவீரன் ஆயிரம் எட்டு நடந்தால் ஒரு மைல் என்று அக்காலத்தில் கணக்கிட்டனர். அவர்கள் கணக்கில் வலக்கால் ஒருமுறையும் இடக்கால் ஒருமுறையும் எடுத்து வைத்தால்தான் ஓர் எட்டு. நடந்து அளந்த மைலை ஓடி அளக்கும் போட்டியாக இப்பந்தயம் 1927ஆம் ஆண்டு தொடங்கியது. வட இத்தாலியில் உள்ள பிரேசியா நகரில் புறப்பட்டு, கிழக்குக் கடற்கரை வழியாக ரோமாபுரியை அடைந்து, மலைகளைக் கடந்து, புளோரன்சு, போலோன்யா வழியாக மீண்டும் பிரேசியாவுக்கே திரும்ப வேண்டும். இதற்கெனத் தனிப் பாதை எதுவும் அமைக்கப்படவில்லை. சந்தைத் தெரு, கோயில் முகப்பு, ஆற்றுப் பாலம், வயலோர வளைவு ஆகிய எல்லாமே பந்தயப் பாதைதான். மக்கள் இரு மருங்கிலும் கைக்கெட்டும் தொலைவில் நின்று வேடிக்கை பார்ப்பர். சில இடங்களில் வைக்கோல் பொதிகளை அடுக்கியிருப்பர். பாதுகாப்பு என்று பெரிதாகச் சொல்ல அதற்குமேல் ஒன்றுமில்லை.

1955ஆம் ஆண்டுப் பந்தயத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கார்கள் கலந்துகொண்டன. வேகம் குறைந்த சிறு கார்கள் முந்தைய நாள் இரவே அனுப்பப்பட்டன. ஒவ்வொரு காரும் புறப்படும் நேரமே அதன் எண்ணாக அதன் மீது எழுதப்பட்டது. நாம் கூறும் கார் காலை 7 மணி 22 நிமிடத்துக்குப் புறப்பட்டமையால் அதற்கு 722 என்னும் எண் வாய்த்தது. இன்றளவும் மோட்டார் வரலாற்றில் அந்தக் காருக்கு அந்த எண்ணே பெயராக நிலைத்துவிட்டது.

ஜெர்மனியின் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் தயாரித்த '300 எஸ்.எல்.ஆர்.' என்னும் வகையைச் சேர்ந்தது அது. ஒரே வரிசையில் எட்டு சிலிண்டர்கள். மூன்று லிட்டர் கொள்ளளவு. ஏறத்தாழ 300 குதிரைத் திறன். அக்காலத்துக் கார்கள் பெரும்பாலும் கார்புரேட்டர் வழியாகப் பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் இழுத்தன. இந்தக் காரிலோ பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்பட்டது. சாதாரண எஞ்சினில் வால்வு திறந்தபின் அதனை மூடுவது ஒரு சுருள்வில். எஞ்சின் மிக விரைவாகச் சுழலும்போது அந்த வில் பின்தங்கிவிடும். ஆகவே, திறப்பதற்கு ஒரு நெம்பும் மூடுவதற்கு மற்றொரு நெம்பும் இதில் வைத்தனர். வில்லை நம்பவில்லை. காரின் மேற்கூடு மக்னீசியம் கலந்த உலோகக் கலவையால் ஆனது. அது அலுமினியத்தினும் இலேசானது. இந்த இலேசான கூட்டை நேயர்கள் நினைவில் வைத்திருத்தல் நலம். பின்னர் அதைப் பற்றிக் கூற வேண்டியுள்ளது.

காரை ஓட்டியவர் ஸ்டர்லிங் மாஸ் என்னும் ஆங்கில இளைஞர், வயது 25. பக்கத்தில் அமர்ந்தவர் டெனிஸ் ஜென்கின்சன் என்னும் பத்திரிகையாளர். ஆயிரம் மைல் சாலையின் ஒவ்வொரு வளைவையும் ஒருவர் மனப்பாடம் செய்தல் இயலாது. எனவே இருவரும் முன்கூட்டியே அச்சாலையில் பலமுறை சென்று, எந்த வளைவு எவ்வளவு கூர்மை, எந்த மேட்டுக்கு அப்பால் பாதை எப்பக்கம் திரும்பும், எந்த இடத்தில் ரயில் பாதை குறுக்கிடும் என்பனவற்றையெல்லாம் குறித்துக்கொண்டனர். அக்குறிப்புகளை ஏறத்தாழ ஐந்து மீட்டர் நீளமுள்ள காகிதச் சுருளில் எழுதி, கண்ணாடிச் சாளரம் பொருத்திய ஓர் அலுமினியப் பெட்டிக்குள் வைத்தனர். ஜென்கின்சன் பெட்டியின் திருகைச் சுழற்றச் சுழற்றச் சுருள் நகரும். எஞ்சினின் இரைச்சலில் பேச்சு காதில் விழாது. ஆதலின் அவர் கைச்சைகையால் வளைவைச் சொல்வார். மாஸ் அதனை நம்பிக் காரைச் செலுத்துவார். நம் நாட்டு லாரிகளில் டிரைவருக்குப் பக்கத்தில் அமர்ந்து இடம் வலம் பார்த்துச் சொல்லும் கிளீனரின் தொழிலையே, மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்துக்கு உயர்த்தினார் அவர் எனலாம்.

பந்தயத்தில் இடர்கள் நேராமல் இல்லை. பதுவா நகரத்தில் கார் வைக்கோல் பொதியில் மோதியது. ஓரிடத்தில் மேட்டின் மீதேறிய வேகத்தில் நான்கு சக்கரங்களும் தரையை விட்டு எழும்பின. தலைசுற்றலால் ஜென்கின்சன் காருக்கு வெளியே தலையை நீட்டியபோது அவருடைய மூக்குக் கண்ணாடி காற்றில் பறந்தது; நல்லவேளையாக மாற்றுக் கண்ணாடி ஒன்றைக் கையோடு வைத்திருந்தார். இவ்வளவுக்கும் இடையே, 10 மணி 7 நிமிடம் 48 விநாடியில் அவர்கள் பிரேசியாவைத் திரும்ப அடைந்தனர். சராசரி வேகம் மணிக்கு 157 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இரண்டாவதாக வந்தவர் புகழ்பெற்ற அர்ஜென்டினா வீரர் ஃபாஞ்சியோ. அவருக்கும் இவர்களுக்கும் இடைவெளி அரை மணி நேரத்துக்கு மேல். அப்பந்தயத்தில் அந்த வேகத்தை அதன்பின் எவரும் மிஞ்சவில்லை; மிஞ்சுவதற்குப் பந்தயமே நெடுங்காலம் நிலைக்கவில்லை.

திருவனந்தபுரத்திலிருந்து பாறசாலை ஏறத்தாழ 30 கிலோமீட்டர். 722ஆம் எண் கார் தன் சராசரி வேகத்தில் அத்தொலைவைக் கடக்கப் பன்னிரண்டு நிமிடங்கூட ஆகியிராது. பாலராமபுரத்துக் கைத்தறித் தெரு, நெய்யாற்றின்கரைச் சந்தி, அமரவிளைப் பாலம், உதியன்குளங்கரைக் கடைவீதி ஆகிய அனைத்தையும் அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் அடக்கிப் பார்த்தால், அந்த வெற்றியின் மறுபக்கம் நமக்குப் புலப்படும். அந்த வேகத்தில் வரும் காருக்கு முன்னால், பால் சொசைட்டிக்குப் போகும் மூதாட்டி ஒருவர் சாலையைக் கடக்க நேர்ந்தால் என்ன ஆகும்?

அந்த மறுபக்கத்தை உலகம் காண நாற்பத்தொரு நாட்களே பிடித்தன. அதே ஆண்டு ஜூன் 11ஆம் தேதி, பிரான்சு நாட்டில் 'லெ மான்' என்னுமிடத்தில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில், 722இன் உடன்பிறப்பாகிய மற்றொரு 300 எஸ்.எல்.ஆர். கார், முன்னால் சென்ற காரின் மீது ஏறி எகிறி, மக்கள் கூட்டத்தருகே வீழ்ந்து சிதறியது. கூட்டத்துக்கும் பாதைக்கும் நடுவே தாழ்ந்த மண்மேடு ஒன்றே தடையாக இருந்தது. காரை ஓட்டிய பியேர் லெவெக்கும், வேடிக்கை பார்த்த மக்களில் 80க்கும் மேற்பட்டோரும் மாண்டனர். வேகத்துக்காகத் தேர்ந்தெடுத்த மக்னீசியக் கூடு தீப்பற்றியபோது வெண்சுடராக எரிந்தது. தண்ணீர் பட்டபோது மேலும் கொழுந்துவிட்டது. பிரேசியாவில் பலமாக இருந்த பொருளே லெ மானில் ஆபத்தாயிற்று. அவ்வாண்டின் முடிவில் மெர்சிடிஸ் நிறுவனம் பந்தயக் களத்தை விட்டே விலகியது. சுவிட்சர்லாந்து அரசு தன் நாட்டில் சுற்றுப்பாதைப் பந்தயங்களுக்குத் தடை விதித்தது.

மில்லே மிலியாவும் இதற்குமுன் உயிர்ப்பலி கண்டதே. 1938இல் போலோன்யா நகரில் ஒரு கார் கூட்டத்தில் பாய்ந்து பத்துப் பேரைக் கொன்றது. அவர்களுள் எழுவர் சிறுவர். ஓராண்டு பந்தயம் நிறுத்தப்பட்டது. பிறகு மீண்டும் தொடங்கிவிட்டது. 1957 மே 12ஆம் தேதி, பந்தயம் முடியும் தறுவாயில், குயிதித்சோலோ என்னும் சிற்றூருக்கு அருகே, ஸ்பெயின் நாட்டுப் பிரபு அல்ஃபோன்சோ தெ போர்த்தாகோ ஓட்டிவந்த ஃபெராரி காரின் டயர் வெடித்தது. அவரும் அவருடன் சென்ற துணைவரும், சாலையோரம் நின்ற ஒன்பது பேரும் உயிரிழந்தனர். அந்த ஒன்பதின்மரில் ஐவர் குழந்தைகள். அதனோடு இத்தாலியில் ஆயிரம் மைல் வேகப் பந்தயம் முடிவுக்கு வந்தது.

இவ்விபத்துகளில் ஓட்டியவர்கள் திறமையற்றவர்கள் அல்லர் என்பதை நாம் கவனித்தல் வேண்டும். லெவெக்கும் போர்த்தாகோவும் தேர்ந்த வீரர்கள். குறை ஓட்டியவரிடத்தில் மட்டுமன்று. வேகமும் மக்களும் ஒரே இடத்தில் கலந்ததே அடிப்படைக் குறை. வேகம் இரண்டு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகிறது; வேகம் மூன்று மடங்கானால் அது ஒன்பது மடங்கு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 14 மீட்டர் ஓடுகிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் 28 மீட்டர். ஆபத்தைக் கண்ட கண், செய்தியை மூளைக்கு அனுப்பிக் காலைப் பிரேக்கின் மீது வைப்பதற்கே ஒரு விநாடி கழிந்துவிடும். அந்த 28 மீட்டரில் வண்டியின் வேகம் சிறிதும் குறைந்திராது. உலகப் புகழ் பெற்ற வீரனுக்கும் இந்தக் கணக்கில் விலக்கு இல்லை.

ஆகவேதான் பந்தயம் ஊரை விட்டு வெளியேறியது. இதில் தமிழ்நாட்டின் கதை நமக்கு மனநிறைவு அளிப்பது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமானத் தளம் ஒன்று இருந்தது. போர் முடிந்தபின் அந்த ஓடுபாதையே கார்ப் பந்தயங்களுக்குக் களமாயிற்று. 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்குப் பந்தயங்களை நடத்தியது. பின்னர் 1990இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் இதற்கெனவே தனிப் பாதை அமைந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன், மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். நாட்டிலுள்ள எளிய எஞ்சினால் இளைஞர்களைப் பழக்க முடியும் என்று அவர் காட்டினார். அவ்வகைக் கார்களில் தொடங்கியவர்தான் கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன். 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் அவரே. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய நகரச் சாலைகளில் இரவுப் பந்தயம் நடந்ததை நேயர்களில் பலர் அறிந்திருக்கலாம். அது சாலையில் நடந்ததே ஆயினும், அப்பாதை முற்றிலும் மூடப்பட்டு, இருபுறமும் தடுப்புச் சுவர் எழுப்பப்பட்டபின் நடந்தது. மில்லே மிலியாவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அந்தச் சுவர்தான்.

பந்தயத்தால் நமக்கு நன்மையே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. இன்று நம் கார்களின் சக்கரத்தில் இருக்கும் டிஸ்க் பிரேக், 1953ஆம் ஆண்டு லெ மான் பந்தயத்தில் வென்ற ஜாகுவார் காரால் தன் தகுதியை நிலைநாட்டியது. சிலிண்டருக்குள் நேராகப் பெட்ரோல் பீய்ச்சும் முறை, இன்று எண்ணற்ற சாதாரணக் கார்களில் உள்ளது. பின்னால் வருவதைக் காட்டும் சிறு கண்ணாடியை 1911இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் பந்தயத்தில் ரே ஹாரூன் என்பவர் தம் காரில் பொருத்தி வென்ற செய்தி புகழ்பெற்றது. ஜென்கின்சனின் காகிதச் சுருள், இன்று மலைப் பாதைகளில் நடக்கும் ராலிப் போட்டிகளில் துணை ஓட்டுநர் படிக்கும் குறிப்பேட்டுக்கு முன்னோடியாயிற்று. களத்திலிருந்து நாம் பெற்றுக்கொள்ளத் தக்கவை இவை: நன்றாக நிறுத்தும் பிரேக், பின்னால் பார்க்கும் கண், பாதையை முன்னரே அறியும் பழக்கம். களத்திலேயே விட்டுவிட வேண்டியது ஒன்றுதான், அது வேகம்.

இதனை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பாறசாலை, நெய்யாற்றின்கரை ஊர்களின் நடுவே ஓடும் பழைய சாலை பல இடங்களில் இன்றும் குறுகியதே. கடை வாசலும் பள்ளி வாசலும் பஸ் நிறுத்தமும் அதன் விளிம்பிலேயே இருக்கின்றன. மறுபுறம், ஊரைத் தவிர்த்துக் கழக்கூட்டத்திலிருந்து காரோடு வரை புதிய புறவழிச்சாலை அமைந்துள்ளது. அகன்று நேராகக் கிடக்கும் அச்சாலை, இளைஞர் சிலருடைய கண்ணுக்குப் பந்தயக் களமாகத் தோன்றுகிறது. 2023 ஜனவரியில் கோவளத்தை அடுத்த வாழமுட்டத்தில் அதிவேகமாக வந்த மோட்டார் சைக்கிள், காலையில் வேலைக்குச் செல்லச் சாலையைக் கடந்த பெண்மணி ஒருவர் மீது மோதியது. அவரும், வண்டியை ஓட்டிய இளைஞரும் உயிரிழந்தனர். குயிதித்சோலோவும் வாழமுட்டமும் உலகின் இரு கோடிகளில் உள்ள ஊர்கள். ஆயினும் இரண்டிலும் நிகழ்ந்த தவறு ஒன்றே. மக்கள் கடக்கும் சாலையை ஒருவர் களமாக எண்ணிவிட்டார்.

மெர்சிடிஸ் நிறுவனத்தின் மற்றொரு காரையும் இங்கு நினைத்துப் பார்க்கலாம். திருவிதாங்கூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா, 1950களில் வாங்கிய பென்ஸ் 180 வகைக் கார் ஒன்றை, 2013இல் அவர் மறையும் வரையில் போற்றி வைத்திருந்தார். திருவனந்தபுரம் பட்டம் அரண்மனைக்கு வந்தோரெல்லாம் அதனை வியந்து கண்டனர். 722 ஒரே பகலில் புகழடைந்தது. இந்தக் காரோ அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரே வீட்டில் நிலைத்துப் புகழடைந்தது. ஒரே தொழிற்சாலைப் பெயரைத் தாங்கிய இவ்விரண்டுள் நம் அன்றாடச் சாலைக்கு எது வழிகாட்டி என்பதை நேயர்களே முடிவு செய்யலாம்.

722ஆம் எண் கார் இன்று ஜெர்மனியில், அதனைத் தயாரித்த நிறுவனத்தின் பாதுகாப்பில் உள்ளது. மாஸ் 2020ஆம் ஆண்டு, தம் தொண்ணூறாம் வயதில் காலமானார். மில்லே மிலியாவும் முற்றாக மறைந்துவிடவில்லை. 1977 முதல் அது பழங்கார்களின் பவனியாக மீண்டும் நடைபெறுகிறது. அக்காலத்தில் ஓடிய வகைக் கார்கள் மட்டுமே அதில் சேர்த்துக்கொள்ளப்படும். பிரேசியாவிலிருந்து ரோமாபுரி சென்று திரும்பும் அந்தப் பயணத்தில் இப்போது விரைந்து வருபவருக்குப் பரிசு இல்லை. ஒவ்வொரு பகுதியையும் இன்ன நேரத்தில் கடக்க வேண்டும் என்று குறித்துக் கொடுப்பர். அந்நேரத்துக்கு முன்னும் இன்றிப் பின்னும் இன்றி வருபவரே வென்றவர். முந்தி வந்தாலும் தண்டனை உண்டு. முப்பதாண்டுப் பந்தயமும் அதில் மாண்ட உயிர்களும் அந்த ஊர்களுக்குக் கற்பித்த பாடம் இது. நம் ஊர்கள் அதே விலை கொடுத்து இதனைக் கற்க வேண்டியதில்லை.